மில்லுக்காரரின் பெல்ட்டும் பிரேமிளாவின் டோலக்கும்

பிரேமிளாவின் கை சும்மா இருந்து யாரும் கண்டதில்லை. விரிவுரை நடக்கும்போது மேசையில், பஸ்ஸில் முன் இருக்கையின் முதுகில், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது வெறுங்கோப்பையில் என்று எது அகப்பட்டாலும் அவளுடைய விரல்கள் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். "கோப்பைய வுட்டுடு புள்ள, அது சாப்புடுறதுக்கு" என்று அவளுடைய தகப்பன் சங்கிலி சொல்லுவார். சொல்லிவிட்டு அவரே தலையையும் ஆட்டுவார். தட்டுவது நன்றாக இருந்தால் மனுசன் வேறு என்னதான் செய்வார்?

இரண்டாயிரத்தோராம் ஆண்டு அவள் வவுனியாவில் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். வளாகத்து வாத்தியக் குழுவில் டோலக் வாசித்தாள். அந்த இடம் அவளுக்கு எப்படிக் கிடைத்தது, எப்படிப் பறிபோகப் பார்த்தது, கடைசியில் யார் வந்தாலும் அசைக்க முடியாதபடி எப்படி அவளுடையதாயிற்று என்பதைச் சொன்னால் அவளை முழுக்கச் சொன்னமாதிரித்தான்.

சங்கிலியும் மனைவியும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். புளியங்குளத்தில் காடு வெட்டி மிளகாயும் உழுந்தும் போட்டார்கள். தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும் மாரியம்மன் பஜனையும்தான். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் பஜனை நடக்கும். டோலக் வாசித்தவர் கலியாணம் முடித்து விசுவமடுவுக்குப் போய்விட, டோலக் சுவரில் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பஜனை நடந்துகொண்டிருக்கும்போதே பன்னிரண்டு வயதுப் பிரேமிளா எழுந்துபோய் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர்கள், அவள் அடித்த முதலாவது அடியைக் கேட்டுவிட்டு வாயைப் பாட்டுக்கே திருப்பிக்கொண்டார்கள். அவள் படித்த சங்கீதம் அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் சண்டை ஏ-ஒன்பது பாதையோடு வந்தபோது அவர்கள் புளியங்குளத்தை விட்டுக் கிளம்பினார்கள். சங்கிலி டோலக்கைச் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டார். "சட்டி பானைய வுட்டுட்டு இதத் தூக்கிட்டு வாறியே, இதுலயா சோறு ஆக்குறது?" என்று மனைவி வழி நெடுகத் திட்டினாள். பல இடம் அலைந்து வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது சைக்கிளும் இல்லை, டோலக் மட்டும் இருந்தது.

வளாகத்து வாத்தியக் குழுவில் பதினொரு பேர். தலைவன் வினோதன், மூன்றாம் வருடம், வயலின். ஏழு வயதிலிருந்து முறையாகப் பழகியவன். அது அவன் வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கும் விதத்திலேயே தெரியும். குழுவில் மிருதங்கம் வாசித்த பையன் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போய்விட, அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். பிரேமிளா டோலக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"மிருதங்கம் பழகினனீரோ?" என்று கேட்டான் வினோதன்.

"இல்லை அண்ணா. டோலக்தான்."

"ஆரிட்டைப் பழகினனீர்?"

"கோயில் பஜனையில."

வினோதனுடைய வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "சரி, மிருதங்கக்காரன் வருமட்டும் இரும்" என்றான்.

அவர்கள் பழகிய இடம் ஒரு பழைய தகரக் கூரை மண்டபம். அதன் பின்சுவரோடு முதுகு ஒட்டி மஹ்றூப் என்பவருடைய நெல்லுக் குத்துகிற மில் இருந்தது. பிள்ளைகள் அவரை அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்பார்கள். மஹ்றூப் முல்லைத்தீவில் மில் வைத்திருந்தவர். தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தபோது எஞ்சினை அப்படியே விட்டுவிட்டுப் புத்தளம் போய், சில வருடம் கழித்து வவுனியாவுக்கு வந்து பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். எஞ்சினை விடப் பழசு அதன் நீளமான பெல்ட். அறுந்த இடத்தைக் கம்பியால் தைத்திருந்தார். அந்தத் தையல் ஒவ்வொரு முறை சக்கரத்தில் ஏறும்போதும் 'டப்' என்று ஒரு அடி விழும். காலையிலிருந்து பின்னேரம் வரை டப், டப், டப்.

முதல் கிழமை பிள்ளைகள் மில்லைத் திட்டித் தீர்த்தார்கள். தவிட்டுத்தூசி சுவர் ஓட்டைகளால் வந்து வயலின்மேல் படிந்தது. ஆர்மோனியக்காரி கஜேந்தினி தும்மித் தும்மியே பாதிப் பாட்டை முடித்தாள். இரண்டாம் கிழமை யாரும் மில்லைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் கிழமை அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே ஒருவருக்கும் தெரியாது. கடற்கரையில் வீடு கட்டியவனுக்கு அலைச்சத்தம் கேட்குமா என்ன?

வாசிப்போ அபாரமாக வந்தது. வினோதன் தானே ஒரு மெட்டுக் கட்டியிருந்தான். மோகன இராகத்தில் மெதுவாகத் தொடங்கி, நடுவில் எல்லாரும் கைதட்டக்கூடிய ஒரு நடைக்கு வந்து, கடைசியில் இரட்டிப்பு வேகத்தில் ஓடி முடியும். வேகம் மாறும் அந்த இடம்தான் கழுத்தை அறுக்கும் இடம். அதிலும் பதினொரு பேரும் ஒரே ஆள்போலத் திரும்பினார்கள். பழகி முடிந்து டோலக்கை உறையில் போட்டுக்கொண்டிருந்த பிரேமிளாவிடம் வந்து வினோதன் சொன்னான்:

"உண்மையாச் சொல்லுறன், நான் இப்பிடி எதிர்பார்க்கேல்லை. மெசின் மாதிரித் தாளம் பிடிக்கிறீர்."

அன்று முழுவதும் பிரேமிளாவின் கால் நிலத்தில் படவில்லை. வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னாள். தாயிடம் சொன்னாள். பக்கத்து வளவில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மனுசியையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

பங்குனியில் அழைப்பு வந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறையன்று நகரத்து மண்டபத்தில் பின்னேர விழா. வளாகத்து வாத்தியக் குழுதான் கடைசி நிகழ்ச்சி. குழுவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் கமலாட்சி மிஸ் மூச்சு வாங்க ஓடிவந்து இதைச் சொன்னபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் தகரக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயிற்று. இதுவரை அவர்கள் வாசித்ததெல்லாம் வளாகத்துக்குள்தான். இது ஊர் முழுக்க வரும் விழா. பெண்கள் எந்த நிறச் சேலை என்று அந்த இடத்திலேயே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். பிரேமிளா சண்டைக்குப் போகவில்லை. அவளிடம் இருந்ததே ஒரு சேலை.

"அப்பா, நீங்க கட்டாயம் வரணும். நா முன்னுக்குத்தான் இருப்பேன்" என்று வீட்டில் சொன்னாள்.

"வராம? ஆமிக்காரங்ககிட்ட பாஸ் எடுத்துக்கிட்டு வாறேன். ஒன்னய மேடையில பாக்காம வேற என்னா வேல எனக்கு?" என்றார் சங்கிலி.

விழா வருகிறதென்று வெள்ளிக்கிழமையும் பழகுவதென்று முடிவாயிற்று. அதுவரை வெள்ளிக்கிழமைகளில் பழகியதில்லை. கைப்பறையான றபானை அடிக்கும் இர்ஷாத் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னான். மற்றப் பத்துப் பேரும் மத்தியானம் தொடங்கினார்கள்.

என்ன நடந்ததென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மெதுவாகத் தொடங்கிய மெட்டு, நாலு வரி தாண்டுவதற்குள் கயிறறுத்த ஆடுமாதிரி ஓடியது. புல்லாங்குழல் முன்னுக்கு, ஆர்மோனியம் பின்னுக்கு, வயலின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கத்தியது. திரும்பத் தொடங்கினார்கள். திரும்பவும் ஓடியது. வேகம் மாறும் இடத்தில் ஆளுக்கொரு திசையில் மாறினார்கள். "வெயில்" என்றாள் கஜேந்தினி. "சாப்பிடேல்லை, அதுதான்" என்றான் ஒருவன். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்ற கதைதான். கடைசியில் எல்லாருடைய கண்ணும் போய் நின்றது பிரேமிளாவில். தாளம் பிடிப்பவள் அவள்தானே. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தான் பிடித்த இடத்தில் தாளம் நிற்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

அந்த நேரம் தொழுகை முடிந்து இர்ஷாத் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி உள்ளே வந்தான். உட்கார்ந்தான். றபானை எடுத்தான். திரும்பத் தொடங்கினார்கள். தேன்! ஒரு பிசகும் இல்லை. பதினொரு பேரும் ஒரு மூச்சு.

எல்லாரும் இர்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. அவன் வருமட்டும் நாய் படாத பாடு. அவன் வந்து றபானைத் தொட்டதும் தேவலோகம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைப் படித்த பிள்ளைகள்தான், ஆனால் பனம்பழம் தலையில் விழும்போது யாருக்குப் படித்தது ஞாபகம் வரும்? அன்றிலிருந்து இர்ஷாத்துக்கு ராச மரியாதை. கன்ரீனில் அவனுக்குப் பிளேன்ரீயும் ரோல்சும் மற்றவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அவனுடைய றபானை வேறு ஆட்கள் தூக்கி வந்தார்கள். அவனுக்கே காரணம் தெரியாது. ஆனாலும் தேடி வந்த ரோல்ஸை யார் வேண்டாம் என்பான்?

கிழமை தொடங்கியதும் வினோதன் பிரேமிளாவைத் தனியே கூப்பிட்டான்.

"கோவிக்காதையும். மேடையில தாளத்தை இர்ஷாத் பிடிக்கட்டும். அவன் முன்னுக்கு இருக்கட்டும். நீர் பின்வரிசையில இருந்து கைத்தாளம் போடும்."

"டோலக், அண்ணா?"

"இந்த முறை வேண்டாம். ஊர் முழுக்க வந்து பார்க்கிற விழா. குழப்பினால் இனி ஒருத்தரும் எங்களைக் கூப்பிடமாட்டினம்."

கோபத்தில் பிரேமிளாவுக்குக் காது சுட்டது. கோபம் வினோதன்மேல் பாதி, தன் கைமேல் பாதி. முன்னுக்கு இருப்பேன் என்று தகப்பனிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் விறகு பொறுக்கும் மனுசி வரைக்கும் சொல்லிவிட்டார். சட்டைப்பையில் பாஸோடு வந்து முன்வரிசையில் மகளைத் தேடப்போகிறார். அவளோ பின்னுக்கு ஒளிந்திருந்து டிங் டிங் என்று தட்டப்போகிறாள். டோலக்கைப் புளியங்குளத்திலிருந்து தூக்கி வந்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழவில்லை. கைத்தாளத்தை வாங்கிக்கொண்டு பின்வரிசையில் போய் இருந்தாள்.

புதன்கிழமை. இர்ஷாத் முன்னுக்கு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மெட்டுத் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பகுதிக்கு வந்தார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் 'பட்டீர்' என்று ஒரு சத்தம். வாசித்துக்கொண்டிருந்த யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் நாலு வரி போகவில்லை, ஆடு கயிறறுத்துக்கொண்டது. புல்லாங்குழல் ஓடியது. ஆர்மோனியம் துரத்தியது. இர்ஷாத் றபானைப் போட்டு மொத்துகிறான் மொத்துகிறான், ஒன்றும் நிற்கவில்லை. "இர்ஷாத், பிடியடா!" என்று வினோதன் கத்தினான். "பிடிக்கிறன் மச்சான், நிக்குதில்லை!" என்று அவனும் கத்தினான்.

பிரேமிளா மட்டும் தாளத்தை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவர் அமைதியாக இருந்தது. அவள் இங்கே பழக வந்த நாளிலிருந்து அந்தச் சுவர் அமைதியாக இருந்தது இரண்டு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மட்டும்தான்.

கைத்தாளத்தைப் போட்டுவிட்டுப் பின்கதவால் ஓடினாள். வேலியைச் சுற்றி மில்லுக்குள் போனாள். மஹ்றூப் அறுந்த பெல்ட்டை அடித்த பாம்புபோலக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காக்கா, எப்ப அறுந்தது?"

"இப்பத்தான் மகள். இனித் தைக்கவும் இடமில்லை. புதுசு கொழும்பால வரவேணும், நாலஞ்சு நாள் செல்லும். ஏன், நெல்லுக் கொண்டுவந்தனீங்களோ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானத்தில மில் ஓடுறேல்லைத்தானே?"

"ஜும்ஆக்கு எப்பிடி மகள் ஓடும்? தொழுதிட்டு வந்துதான் போடுவன்."

பிரேமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெல்லுமூடையில் சாய்ந்துகொண்டு கண்ணால் தண்ணீர் வர வர சிரித்தாள். பெல்ட் அறுந்ததற்கு இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் சிரிக்கிறது என்று மஹ்றூப் பயந்துபோய்ப் பார்த்தார்.

ஓடிவந்து மண்டப வாசலிலேயே நின்று சொன்னாள்: "இர்ஷாத் இல்லை! மில்! எங்களுக்குத் தாளம் போட்டது மில்லு!"

யாருக்கும் விளங்கவில்லை. கையைத் தட்டிக் காட்டினாள். டப். டப். டப். "இதைக் கேட்டதில்லையோ? இந்தப் பெல்ட்டின்ர சத்தத்துக்குத்தான் இவ்வளவு நாளும் வாசிச்சனாங்கள். வெள்ளிக்கிழமை இர்ஷாத் பள்ளியால வாற நேரம்தான் மஹ்றூப் காக்காவும் பள்ளியால வந்து மில்லைப் போடுறவர்!"

முதலில் கஜேந்தினி சிரித்தாள். இர்ஷாத் தன் றபானைக் கவலையோடு பார்த்து, "அப்ப இனி ரோல்ஸ் இல்லையோ?" என்று கேட்டான். கூரை அதிரச் சிரித்தார்கள். வினோதன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப ஒருத்தரிட்டையும் தாளம் இல்லை" என்றான். "எங்கள் பதினொரு பேரிட்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விழா. அங்கை மில்லும் இல்லை. மிஸ்ஸிட்டைச் சொல்லுவம், நாங்கள் வரேல்லையெண்டு."

சிரிப்பு நின்றுபோயிற்று. பிரேமிளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மெசின் மாதிரித் தாளம் பிடிக்கிறீர் என்று அவன் சொன்னானே, அது அவளுக்கு வந்த பாராட்டே அல்ல. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே! ஆனால் அவளுடைய விரல்கள் வழக்கம்போலக் கதவு நிலையில் தட்டிக்கொண்டுதான் இருந்தன. புளியங்குளத்துப் பஜனைத் தாளம். அங்கே மில் ஒன்றும் இல்லையே? அங்கே தாளம் ஒரு நாளும் ஓடியதில்லையே? அங்கே யார் பிடித்தார்கள்?

"அண்ணா, ஒருக்கால் கதிரைகளை மாத்திப் பார்ப்பமோ?" என்றாள்.

"கதிரை மாத்தி என்ன செய்யிறது?"

"எங்கட பஜனையில ரெண்டு வரிசையா முகத்துக்கு முகம் பார்த்துத்தான் இருப்பினம். நடுத்தலைப்பில டோலக். ஒருத்தர் வாய் திறக்கிறது மற்றவருக்குத் தெரியும். இங்கை நாங்கள் என்ன செய்யிறம்? முன்னுக்கு இருக்கிறவையின்ர பிடரியைப் பார்த்துக்கொண்டு, காதைச் சுவருக்குக் குடுத்திட்டு இருக்கிறம். ஆரும் ஆரையும் பார்த்து வாசிச்சதில்லை அண்ணா. ஒரு தரம்தான். சரிவராட்டி நானே மிஸ்ஸிட்டைப் போய்ச் சொல்லுறன்."

வினோதன் அவளைப் பார்த்தான். பிறகு தானே எழுந்து தன் கதிரையைத் திருப்பிப் போட்டான்.

ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். தலைப்பில் இரண்டு வரிசையையும் பார்த்தபடி பிரேமிளா, மடியில் டோலக். முதல் தரம் வெட்கத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள்; எதிரில் இருப்பவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது அவ்வளவு கூச்சமாக இருந்தது. இரண்டாம் தரமும் ஓடியது, ஆனால் எல்லாரும் ஒரே பக்கமாக ஓடினார்கள். அது பெரிய முன்னேற்றம். அடுத்த நாள் ஓட்டம் நடையாயிற்று. வேகம் மாறும் இடத்துக்குப் பிரேமிளா தகப்பனுடைய வழியைக் கையாண்டாள். பஜனையில் அடுத்த அடிக்குத் திரும்பும்போது சங்கிலி தாடையை மேலே தூக்குவார். அவளும் தூக்கினாள். பத்துப் பேரும் திரும்பினார்கள். சுவர் வாயே திறக்கவில்லை. இர்ஷாத் றபானைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடினான்.

மிச்சம் இருந்தது கமலாட்சி மிஸ். அவா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

"இதென்ன பிள்ளையள், சபையைப் பாராமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு? பிரதம விருந்தினர் முன்னுக்கு இருக்கேக்கை பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு இருக்கிறது மரியாதையோ?"

"மிஸ், நாங்கள் நேராப் பார்த்துக்கொண்டு வாசிச்சால் அதைவிட மரியாதைக்கேடாயிருக்கும்" என்றான் வினோதன். "வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

ஒரு தரம் நேராக இருந்து வாசித்துக் காட்டினார்கள். மிஸ் அரைவாசியிலேயே கையைத் தூக்கிவிட்டா. "காணும், காணும். உங்கட விருப்பம்போல இருங்கோ" என்றா.

போயா நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. சன்னல்களிலும் ஆள். சங்கிலி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதலே வந்து மூன்றாம் வரிசையில் இடம் பிடித்திருந்தார். பக்கத்தில் மஹ்றூப். மில் ஓடாத மனுசனுக்கு வேறு வேலை இல்லை. அதோடு இவ்வளவு நாளும் தன்னுடைய பெல்ட் தாளம் போட்ட மெட்டு எப்படி இருக்குமென்று பார்க்கவும் ஆசை.

திரை விலகியது. பிள்ளைகள் சபையைப் பார்க்காமல் ஆளையாள் பார்த்தபடி இருப்பதைக் கண்டு மண்டபத்தில் சலசலப்பு. எங்கேயோ ஒருவன் விசிலடித்தான். மேடையின் பின்தலைப்பில், நடுவில் பிரேமிளா. அவளுடைய கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. வினோதனைப் பார்த்தாள். வினோதன் அவளைப் பார்த்தான். தாடையைத் தூக்கினாள்.

மோகனம் மெதுவாக எழும்பியது. ஓடவில்லை. நின்று, நிதானித்து, ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். நடுப்பகுதி வந்ததும் சபை தானாகவே கை தட்டத் தொடங்கியது. பிரேமிளாவின் கை சூடேறிவிட்டது. உள்ளங்கால் வரைக்கும் புல்லரித்தது. இன்னும் எட்டு வரி. அதன்பிறகு வேகம் மாறும் இடம்.

அப்போது ஹெலி வந்தது.

வவுனியாவில் படை ஹெலிகொப்டர் வருவது புதுமை இல்லை. ஆனால் இது மண்டபத்துக் கூரையைத் தடவுகிறமாதிரிப் பதிந்து வந்தது. பின்னால் இன்னொன்று. கூரை ஓடுகளெல்லாம் அதிர, டபடபடப என்று மண்டபம் முழுக்க அந்த ஒரே சத்தம். வயலின் கேட்கவில்லை. குழல் கேட்கவில்லை. பிரேமிளாவுக்குத் தன் டோலக்கே கேட்கவில்லை. சபையின் கைதட்டலும் நின்றுபோயிற்று, எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

எந்திரத்துக்குக் காது கொடுத்துப் பழகிய பிள்ளைகள் அல்லவா? இர்ஷாத்தின் கை மெல்ல மெல்ல ஹெலியோடு போகத் தொடங்குவதைப் பிரேமிளா கண்டாள். குழல்காரனின் தலையும் அந்தப் பக்கம் ஆடத் தொடங்கியது. "என்னைப் பார், இர்ஷாத்!" என்று கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அவளுடைய வாய் அசைந்ததை எதிரில் இருந்த இர்ஷாத் கண்டான். திடுக்கிட்டு அவளுடைய கையைப் பார்த்தான். பிடித்துக்கொண்டான். குழல்காரன் கஜேந்தினியைப் பார்த்தான், கஜேந்தினி வினோதனுடைய வில்லைப் பார்த்தாள், எல்லாரும் டோலக்கைப் பார்த்தார்கள். சத்தமே இல்லாத ஒரு மெட்டைப் பதினொரு பேர் கையாலும் கண்ணாலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வரியும் முடிந்தது. பிரேமிளா தாடையைத் தூக்கினாள்.

ஹெலி தெற்குப் பக்கம் போய்க் கரைந்தது. சத்தம் விலக விலக, சபைக்கு மெட்டுக் கேட்டது. இரட்டிப்பு வேகம்! எப்போது மாறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு அடி பிசகாமல், பதினொரு பேரும் ஒன்றாக, முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தார்கள். மண்டபம் எழுந்து நின்றது. சன்னலில் தொங்கியவர்கள் கூவினார்கள். பிரதம விருந்தினரும் எழும்பிவிட்டார், பக்கவாட்டை மறந்து. கடைசி அடியைப் பிரேமிளா போட்டபோது அந்த அடி கைதட்டலுக்குள் விழுந்து காணாமல் போயிற்று. அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. இரண்டும்தான்.

வெளியே மாமரத்தடியில் சங்கிலி காத்துக்கொண்டிருந்தார். மகளுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஹெலி வந்தப்ப ஒரு சத்தமும் கேக்கல புள்ள" என்றார். "ஆனா நா கண்ண எடுக்கல. ஒன் கை நிக்கவே இல்ல."

"முன்னுக்கு இருப்பேன்னு சொன்னேன், பின்னுக்குத்தான் இருந்தேன் அப்பா."

"பின்னுக்கா? எனக்கு அப்புடித் தெரியலயே. எல்லாரும் ஒன்னயத்தானே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அந்த நேரம் வினோதன் வந்தான். சங்கிலிக்கு வணக்கம் சொன்னான். பிறகு பிரேமிளாவிடம், "அடுத்த மாசம் மிருதங்கக்காரன் திரும்பி வாறான்" என்றான்.

வருமட்டும் இரும் என்றுதானே முதலில் சொன்னவன்.

"வந்து உமக்குப் பக்கத்தில இருக்கட்டும்" என்றான் வினோதன். "உம்மட தாடையைப் பார்த்து வாசிக்கப் பழகட்டும்." இந்த முறை வாயின் இரண்டு பக்கமும் சிரித்தது.

அடுத்த கிழமை அவர்கள் பழகிக்கொண்டிருந்தபோது மஹ்றூப்பின் புதுப் பெல்ட் வந்து சேர்ந்தது. பழசைவிடக் குட்டை, இதற்கும் மூட்டில் கம்பித் தையல்தான். அவர் எஞ்சினைப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் டப் டப் டப் டப் என்று முன்னையதைவிட வேகமாக அடி விழத் தொடங்கியது. வாசித்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் ஒரு கணம் சுவரைப் பார்த்தார்கள். திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கை ஒன்றும் ஓடவில்லை.

மஹ்றூப் பின்கதவால் தலையை நீட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் கொஞ்சம் வாடியது.

"என்ன மகள், என்ர மில்லோட சேரேல்லையே?" என்றார்.

பிரேமிளா கையை நிறுத்தாமலே சொன்னாள்: "இனி நீங்கள்தான் காக்கா எங்களோட சேரவேணும்."